லென்ஸின் ரப்பர் வளையத்தைத் தூய்மை செய்தல்

ஜூம் வளையத்தையும் ஃபோகஸ் வளையத்தையும் சுற்றி மாட்டப்பட்டிருக்கும் ரப்பர் பட்டைதான் லென்ஸில் கை அதிகம் படும் இடம். கண்ணாடியை யாரும் வேண்டுமென்று தொடுவதில்லை. மவுண்ட் பகுதி லென்ஸைக் கழற்றும்போது மட்டுமே வெளியே தெரிகிறது. ரப்பர் பட்டையோ வியர்வை, தலையெண்ணெய், சன்ஸ்கிரீன், புழுதி என்று கையோடு வருகிற எல்லாவற்றையும் நாள் முழுக்க வாங்கிக்கொள்கிறது. பழைய லென்ஸ்களில் இந்தத் தொல்லை இல்லை. நிக்கானின் நிக்கோர் லென்ஸ்களை எடுத்துக்கொண்டால், 1970களின் நடுப்பகுதிக்கு முந்தையவற்றில் உலோகத்திலேயே மேடும் பள்ளமுமாகக் கடைந்த வளையம்தான் இருக்கும். அதைத் துணியால் துடைத்தால் போதும். அதன் பிறகு ரப்பர் வந்தது. பிடிப்பு கூடியது, குளிரிலும் வெயிலிலும் கை உறுத்தவில்லை, கூடவே பராமரிப்பு வேலையும் வந்து சேர்ந்தது.

பட்டை அழுக்காக இருப்பது பார்வைக்கு மட்டும் கெடுதல் இல்லை. வரிப்பள்ளங்களில் தங்கும் மணல், வளையத்தின் ஓரத்திலுள்ள மெல்லிய இடைவெளிக்கு நகர்கிறது. அங்கிருந்து உள்ளே போனால் வளையம் திரும்பும்போது நறநறவென்று கேட்கும். எண்ணெய் ஊறிய ரப்பர் உப்பித் தளர்கிறது. பட்டையில் இருக்கும் பிசுக்கு விரல் வழியே முன் கண்ணாடிக்குப் போகிறது. இருந்தாலும் அழுக்கு ரப்பரைக் கெடுப்பது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில். தவறான திரவம் ஒரே மாலையில் கெடுத்துவிடும். ஆகவே எதைக் கொண்டு துடைப்பது என்ற கேள்விக்கு முன்னால், பட்டையில் இருப்பது என்ன என்ற கேள்விக்கு விடை கிடைத்தாக வேண்டும்.

வெள்ளையாகத் தெரிவது எது?

கறுப்புப் பட்டை வெளுத்துத் தெரிகிறது என்பதே பெரும்பாலானோர் சொல்லும் குறை. அந்த வெளுப்பு நான்கு வகையாக இருக்கலாம். நான்குக்கும் மருந்து வேறு.

முதலாவது, வெறும் தூசியும் பொடியும். ஊதினால் பறக்கும், உலர்ந்த பிரஷால் தட்டினால் உதிரும். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் படமெடுப்பவர்களின் பட்டைகளில் விபூதி, குங்குமம், மஞ்சள் பொடி மூன்றும் பள்ளங்களில் ஏறியிருக்கும். இது எளிய வகை.

இரண்டாவது, வியர்வை உப்பு. இது பட்டை முழுக்க ஒரே சீராக இருக்காது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் படும் இடங்களில் அடர்ந்தும் மற்ற இடங்களில் மெலிந்தும் இருக்கும். ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தால் கரைந்து போய்விடும், உலர்ந்த பின்னும் திரும்ப வராது. கடற்கரையில் எடுத்த லென்ஸிலும் இதே உப்புதான், அளவு மட்டும் கூடுதல்.

மூன்றாவதுதான் பலரையும் குழப்புவது. துடைத்ததும் பட்டை கறுப்பாகிவிடும். சில நாளில், சில வாரத்தில் மறுபடி சாம்பல் பூத்தாற்போல வெளுக்கும். உபயோகிக்காமல் பெட்டிக்குள்ளேயே இருந்த லென்ஸிலும் வரும், கை படாத இடங்களிலும் வரும். இது வெளியிலிருந்து வந்த அழுக்கே இல்லை, ரப்பருக்குள்ளிருந்து வந்தது. ரப்பரைக் கடினப்படுத்தக் கந்தகமும் துத்தநாகச் சேர்மங்களும், வெடிக்காமல் காக்க மெழுகும், மூப்பைத் தள்ளிப்போடும் வேறு வேதிப்பொருட்களும் தயாரிப்பின்போது கலக்கப்படுகின்றன. ரப்பரால் கரைத்து வைத்துக்கொள்ள முடிகிற அளவுக்கு மேல் இருப்பவை மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு நகர்ந்து படலமாகப் படிகின்றன. மெழுகைப் பொறுத்தவரை இது குறைபாடுகூட அல்ல. மேலே வந்து படலமாக நின்று, காற்றிலுள்ள ஓசோன் ரப்பரைத் தாக்காமல் தடுப்பதற்காகவே அது சேர்க்கப்படுகிறது. மெழுகுதானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பட்டையின் ஒரு மூலையில் மட்டும் சில விநாடி காட்ட வேண்டும். மெழுகாக இருந்தால் உருகி, அந்த இடம் மட்டும் கறுத்துவிடும். இது சோதனைக்கு மட்டும். முழு லென்ஸையும் இப்படிச் சூடாக்கினால் உள்ளேயிருக்கும் கிரீஸ் இளகும்.

நான்காவது பூஞ்சை. இது சீரான படலமாக இல்லாமல் திட்டுத்திட்டாக, பள்ளங்களின் அடியில், சில நேரம் மெல்லிய பஞ்சு போல இருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் அந்தப் பஞ்சு எழும்பித் தெரியும். மூக்கருகே கொண்டுபோனால் பூட்டிக் கிடந்த அலமாரியின் வாடை அடிக்கும். வியர்வையும் தோலிலிருந்து உதிரும் செதிலும் அதற்கு உணவு, ஈரக்காற்று அதற்குத் தண்ணீர். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம், கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலம் முழுக்க இரண்டும் தாராளமாகக் கிடைக்கின்றன.

வெளுப்பைத் தவிர இன்னும் இரண்டு குறைகள் உண்டு. பட்டை பளபளவென்று மின்னினால் அது எண்ணெய்ப் பிசுக்கு, அல்லது வரிகளின் முனை தேய்ந்துபோனதன் அடையாளம். தொட்டால் விரலில் ஒட்டினால் அது தனிக் கதை, பின்னால் வருகிறது.

கருவிகளும் திரவங்களும்

வாங்க வேண்டியவை அதிகமில்லை. கையால் அமுக்கி ஊதும் ரப்பர் புளோயர், குழந்தைகளுக்கான மென்மையான டூத்பிரஷ் ஒன்று, மைக்ரோஃபைபர் துணி மூன்று, பஞ்சு சுற்றிய பட்ஸ், மரத்தாலான பல்குச்சி சில. டூத்பிரஷ் புதிதாக இருக்க வேண்டும். பயன்படுத்திய பிரஷில் பற்பசையின் துகள் ஒட்டியிருக்கும். அது மெருகேற்றும் பொடி, அதாவது மிக நைசான உப்புத்தாள். மூன்று துணிகளில் ஒன்று ஈரத்துக்கு, ஒன்று உலர்த்த, ஒன்று கண்ணாடிக்கு. கண்ணாடித் துணியும் பட்டைத் துணியும் எந்தக் காரணத்துக்காகவும் மாறக்கூடாது. நிறம் மாற்றி வைத்துக்கொள்வது எளிய ஏற்பாடு.

திரவங்களில் முதலிடம் தண்ணீருக்கு. அதில் பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு ஒரு குவளைக்கு ஓரிரு துளி. பத்துக்கு எட்டு அழுக்கு இதிலேயே போய்விடும் என்று சொன்னால் மிகையாகாது. போர்வெல் தண்ணீர் உப்பாக வரும் ஊர்களில் வடிகட்டிய குடிநீரை எடுப்பது நல்லது. இல்லாவிட்டால் வியர்வை உப்பை எடுத்துவிட்டு நிலத்தடி உப்பைப் பூசியதாகிவிடும்.

அடுத்தது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். எண்ணெய்ப் பிசுக்கு, பூஞ்சை போன்றவற்றுக்கு மட்டும் இது தேவை, அதுவும் துணியில் தொட்டு. பூஞ்சைக்கு 99 சதவீதத்தைவிட 70 சதவீதக் கரைசல் பொருத்தம். அதிலுள்ள தண்ணீர்தான் ஆல்கஹாலைச் சீக்கிரம் ஆவியாகாமல் நிறுத்தி உயிரணுவுக்குள் புக விடுகிறது. வாரந்தோறும் ஆல்கஹாலால் துடைத்துக்கொண்டே இருந்தால் ரப்பரின் பாதுகாப்பு மெழுகு கழன்று போய், பட்டை காய்ந்து விறைக்கும். வளையத்துக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்களின் பெயின்ட்டும் சில லென்ஸ்களில் கிளம்பிவிடும். ஆகவே எண்கள் இருக்கும் இடத்தை விட்டுவிட வேண்டும்.

கொரோனா காலத்திலிருந்து எல்லார் வீட்டிலும் இருக்கும் கை சானிடைசரை ஆல்கஹாலுக்குப் பதிலாக எடுக்கிறார்கள். அது சரியான மாற்று இல்லை. உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சானிடைசர் கலவையில்கூடக் கையின் தோல் வறளாதிருக்க 1.45 சதவீதம் கிளிசரால் உண்டு. தோலுக்கு நல்லது; ரப்பரில் அது ஆவியாகாமல் தங்கிப் பிசுபிசுக்கும், அடுத்த நாளே தூசியை இழுத்து ஒட்டவைக்கும். ஜெல் வகைகளில் கெட்டியாக்கும் பொருளும் சேர்ந்திருக்கும். வாசனை ஈரத்தாள்களும் இதே காரணத்தால் வேண்டாம்.

அறவே தொடக்கூடாதவை அசிட்டோன், தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய். நகப்பூச்சு அகற்றும் திரவங்களில் பல அசிட்டோன்தான். லென்ஸ் உடம்பு பெரும்பாலும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அசிட்டோன் பட்டால் அது வெளிறி, வெடிப்பு விடும். பெட்ரோலியத் திரவங்கள் ரப்பருக்குள் ஊறி அதை உப்பவைக்கும். லென்ஸோடு வரும் கையேடுகளிலேயே தின்னரும் பென்சினும் கூடாது என்று அச்சிட்டிருப்பார்கள். கையேட்டை யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

வேலையின் வரிசை

லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றி, முன்மூடி பின்மூடி இரண்டையும் போட்டுவிட வேண்டும். பின்மூடி இல்லாவிட்டால் கேமராவிலேயே விட்டுவிட்டு, கேமராவை அணைத்துவிட்டுத் துடைக்கலாம். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டால் என்ன உதிர்கிறது என்று பார்க்கலாம். மணல் உதிர்ந்தால் வேலையை நிதானமாகச் செய்ய வேண்டும் என்று பொருள்.

முதலில் ஈரம் படாமல் உலர்ந்த வேலை. லென்ஸைக் கிடைமட்டமாகப் பிடித்து, புளோயரால் வளையத்தின் ஓர இடைவெளிக்கு நேராக இல்லாமல் அதிலிருந்து விலகும் திசையில் ஊத வேண்டும். நேராக ஊதினால் வெளியே கிடக்கும் மணல் உள்ளே போகும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், சுவாசத்தின் ஈரமும் படியும். அழுத்தக் காற்றுக் குப்பிகளும் கூடாது, அவற்றின் வேகம் இந்த வேலைக்கு மிக அதிகம். ஊதிய பின் டூத்பிரஷால் வரிகளின் போக்கிலேயே துலக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் ஒரு பள்ளத்தின் அழுக்கு பக்கத்துப் பள்ளத்துக்குப் போகும், அவ்வளவுதான். சதுரச் சதுரமாக, வாஃபிள் போலக் கோலமிட்ட பட்டைகளில் சுழற்றித் துலக்குவதைத் தவிர வழியில்லை. இறுகிய அழுக்கைப் பல்குச்சியால் கிளறலாம். ஊசியோ குண்டூசியோ ரப்பரைக் கீறும். கீறிய இடத்திலிருந்து கிழிசல் ஆரம்பிக்கும்.

அடுத்து ஈர வேலை. துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒரு சொட்டும் விழாதபடி பிழிந்து, பட்டையைச் சுற்றித் துடைக்க வேண்டும். தண்ணீரையோ வேறு திரவத்தையோ நேராக லென்ஸில் தெளிக்கக்கூடாது. தூசு, ஈரம் தாங்கும் முத்திரைகள் உள்ள விலையுயர்ந்த லென்ஸானாலும் அப்படித்தான். மழைத்துளியைத் தடுக்கவே அந்த முத்திரை. சோப்பு நீர் மேற்பரப்பு இழுவிசை குறைந்த நீர், மழைநீர் நுழையாத இடுக்கிலும் நுழையும். பிரஷைச் சோப்புத் தண்ணீரில் தொட்டுத் துலக்குவதானால், தொட்டதும் துணியில் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் பட்டையில் வைக்க வேண்டும். லென்ஸைச் சாய்த்துப் பிடித்து, துலக்கும் இடம் அடிப்பக்கம் பார்த்திருக்கும்படி செய்தால் ஈரம் கீழ்நோக்கி வழியும், இடைவெளிக்குள் ஏறாது. துணியில் கறுப்பு கொஞ்சம் ஏறுவது இயல்பு. ரப்பரின் கறுப்பு அதில் கலந்த கரித்தூளால் வந்தது, மேலோடு தளர்ந்திருப்பது வரத்தான் செய்யும். கைநிறைய வந்தால் அது ரப்பர் சிதைந்துகொண்டிருப்பதன் குறி. அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

பிறகு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை. இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சோப்பு தங்கினால் காய்ந்ததும் அதுவே வெள்ளைப் படலமாகி, தூய்மை செய்த பின் முன்னைவிட வெளுத்துவிட்டதே என்று தோன்றவைக்கும். கடைசியில் உலர்ந்த துணியால் ஒற்றி, மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்துவிட்டுத்தான் பைக்குள் வைக்க வேண்டும். கண்ணாடியைத் துடைப்பதாக இருந்தால் அது இதற்கெல்லாம் பிறகு. பட்டை வேலையில் கிளம்பும் தூசி கண்ணாடியில்தான் போய் உட்காரும்.

அழுக்குக்கு ஏற்ற கவனம்

மஞ்சள் பொடி பட்ட லென்ஸில் முதலில் தண்ணீர் படவே கூடாது. பொடியாக இருக்கும்வரை அது உதிரும், நனைந்தால் சாயமாகிவிடும். கறுப்பு ரப்பரில் மஞ்சள் கறை தெரியாது. பெரிய டெலி லென்ஸ்களின் வெளிர்நிற உடம்பில் அது பளிச்சென்று தெரியும். அந்த இடத்தில் சோப்பைப் போட்டால் காரம் பட்டு மஞ்சள் சிவந்து, பார்ப்பவரைப் பயமுறுத்தும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்ட மஞ்சள் சிவப்பதும் இதே வினைதான். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆல்கஹாலில் கரையும். உலர்ந்த பிரஷால் முடிந்தவரை உதிர்த்துவிட்டு, எஞ்சிய கறையை ஆல்கஹால் தொட்ட பட்ஸால் ஒற்றி எடுக்க வேண்டும். விபூதி நிறம் ஏற்றாது, ஆனால் நைசானது. ஊதாமல் துடைத்தால் எல்லா இடுக்கிலும் அப்பிக்கொள்ளும். ஹோமப் புகையில் வருவது நெய்க்கரி. அது தூசி மாதிரித் தெரிந்தாலும் பிசுக்கு. சோப்புத் தண்ணீர் இல்லாமல் போகாது.

கடற்கரையில் எடுத்து முடித்த அன்று மாலையே, உலர்ந்த துணியைத் தொடாமல், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்ற வேண்டும். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் படிகமும் மணலும் வளையத்தையும் பக்கத்து பெயின்ட்டையும் கீறும். ஒரு வாரம் தள்ளிப்போட்டாலோ, உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இழுத்துப் பட்டைக்கு அடியில் உள்ள திருகுகள்வரை போய்ச் சேர்ந்திருக்கும்.

காட்டுக்குள் போகிறவர்கள் கொசு விரட்டியைக் கவனிக்க வேண்டும். டீட் என்ற வேதிப்பொருள் கலந்த விரட்டிகள் பிளாஸ்டிக்குகள் சிலவற்றையும் செயற்கைத் துணிகள் சிலவற்றையும் கரைக்கும் தன்மை உள்ளவை. அதைப் பூசிய கையைக் கழுவாமல் லென்ஸைப் பிடித்தால் ரப்பரைவிட அதன் பக்கத்துப் பிளாஸ்டிக்தான் முதலில் கெடும்.

பூஞ்சை பிடித்த பட்டையை வீட்டுக்குள், மற்ற லென்ஸ்களின் பக்கத்தில் வைத்துத் துலக்கக்கூடாது. திறந்த இடத்தில், 70 சதவீத ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைத்து, அந்தத் துணியைத் தூர எறிந்துவிட வேண்டும். உலர்ந்த பிரஷ் இங்கே ஆகாது, வித்துகளைப் பறக்கவிடும். ஆல்கஹால் வளர்ந்த பூஞ்சையை அழிக்கும்; வித்துகள் அத்தனையையும் அழித்துவிடும் என்று நம்ப முடியாது. ஆகவே ஈரமான இடத்திலேயே திரும்ப வைத்தால் திரும்ப வரும். பட்டையில் பூஞ்சை இருந்த லென்ஸில் இரண்டு மூடிகளையும் கழற்றி, டார்ச் அடித்து உள்கண்ணாடிகளைப் பார்த்துவிடுவது கட்டாயம். வெயிலில் வைத்தால் பூஞ்சை சாகும் என்று மொட்டைமாடியில் லென்ஸை வைப்பவர்கள் உண்டு. மூடியில்லாத லென்ஸ் வெயிலில் பூதக்கண்ணாடியாக வேலை செய்து கீழேயுள்ள துணியைக் கருக்கும், தீயும் பற்றலாம். ரப்பருக்கும் அந்தச் சூடு கேடு.

உள்ளிருந்து வரும் மெழுகு வெளுப்புக்கு மருந்து கேட்டால், பெரும்பாலும் சும்மா விடுவதுதான் மருந்து. சோப்புத் தண்ணீரால் துடைத்தால் போகும், திரும்பவும் வரும். கடுமையாகத் தேய்த்துத் தேய்த்து எடுத்தால் ரப்பர் தன் காப்பை இழக்கும். தினமும் கையிலெடுத்துப் பயன்படுத்தும் லென்ஸில் இந்த வெளுப்பு நிற்பதே இல்லை. விரல்களே அதைத் துடைத்துவிடுகின்றன. விற்பதற்காகப் படமெடுக்கும் நாளைத் தவிர மற்ற நாட்களில் இதற்காக மெனக்கெட வேண்டியதில்லை.

கறுப்பாக்கும் ஆசை

வெளுத்த பட்டையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் உடனே கறுகறுவென்று ஆகிவிடும். இந்த யோசனை யாருக்கும் தோன்றக்கூடியது, அதனாலேயே ஆபத்தானது. எண்ணெய் வெளுப்பை நீக்குவதில்லை, அதை நனைத்து மறைக்கிறது. பிறகு ரப்பருக்குள் ஊறுகிறது. ரப்பர் எந்த வகை என்பதைப் பொறுத்துச் சில பட்டைகள் தாங்கும். சில உப்பி, நீண்டு, வளையத்தைவிட்டுக் கழன்று தொங்கும். பட்டை எந்த ரப்பர் என்று லென்ஸில் எழுதியிருக்காது. டயர் பாலிஷில் இருப்பது சிலிக்கோன். அது பளபளப்பு தரும், பிடிப்பைப் போக்கும். பிடிப்புக்காகவே இருக்கும் பொருளை வழுக்கவைப்பதில் என்ன பயன்? மேலும் சிலிக்கோன் விரல் வழியே கண்ணாடிக்கும் பரவும், அங்கிருந்து அதை எடுப்பது எளிதல்ல. ஷூ பாலிஷ் கையிலும், மணமகளின் புடவையிலும் ஏறும். பென்சில் அழிப்பான் வெளுப்பை எடுக்கும் என்பது உண்மை. அதன் துருவல் வளையத்தின் இடைவெளிக்குள் போகும் என்பதும் உண்மை.

ஒட்டும் பட்டைகள்

தொட்டால் பிசின் போல ஒட்டுவதில் இரண்டு நிலை உண்டு. பட்டையிலோ உடம்பிலோ பூசிய மென்தொடு பூச்சு சிதைந்திருக்கலாம், அல்லது ரப்பரே இளகியிருக்கலாம். மென்தொடு பூச்சுகளில் பல பாலியூரித்தேன் வகை. அவற்றில் சில காற்றின் ஈரத்தால் ஆண்டுக்கணக்கில் நீராற்பகுப்பு அடைந்து, நீண்ட மூலக்கூறுகள் துண்டுபட்டு, கூழாகிவிடுகின்றன. இது அழுக்கு இல்லையாதலால் எத்தனை முறை கழுவினாலும் போகாது. இருக்கும் வழி, பூச்சையே முழுதாக எடுத்துவிடுவது. ஆல்கஹால் தொட்ட துணியால் சிறு சிறு பகுதியாக, துணியை அடிக்கடி மாற்றிக்கொண்டு தேய்த்தால் கறுப்புக் களிம்பாகக் கழன்று வரும். அடியில் கெட்டியான பிளாஸ்டிக் மொழுமொழுவென்று தெரியும். பார்க்கப் புதிதாக இருக்காது, ஒட்டாது. பொறுமை வேண்டிய வேலை இது, ஒரே மூச்சில் முடிக்க அவசரப்படுகிறவர்கள்தான் தின்னரை எடுத்துவிடுகிறார்கள்.

நகத்தால் அழுத்தினால் தடம் அப்படியே நின்றால், ரப்பரே இளகிவிட்டது. இதற்குத் தூய்மை செய்தல் என்று ஒன்றில்லை. பட்டையை மாற்ற வேண்டும். முகப்பவுடர் தூவி ஒட்டலை மறைப்பது இரண்டு நாள் தாங்கும். அந்தப் பவுடர் அதற்குள் ஓர இடைவெளி வழியே உள்ளே போயிருக்கும்.

பட்டையைக் கழற்றிக் கழுவுதல்

பல லென்ஸ்களில் பட்டை வெறுமனே இழுத்து மாட்டப்பட்டது. சிலவற்றில் அடியில் மெல்லிய இருபக்க ஒட்டுநாடா இருக்கும். தளர்ந்து நகரும் பட்டைக்கு அடியில் மணல் சேர்ந்திருந்தால் கழற்றாமல் தூய்மை செய்ய முடியாது. உத்தரவாதக் காலம் முடியாத லென்ஸில் இந்த வேலையைச் சேவை மையத்துக்கு விடுவதே சரி.

கழற்றுவதற்கு முன் பட்டையின் நிலையைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ள வேண்டும். சில பட்டைகளின் உட்புறத்தில் வளையத்தின் பள்ளத்தில் உட்காரும் மேடு இருக்கும், எந்தப் பக்கம் முன்பக்கம் என்பதும் முக்கியம். முனை மழுங்கிய மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை ஓரத்தில் நுழைத்து, வட்டம் முழுக்கச் சுற்றி வந்து, ஒட்டு விட்ட பின் முன்பக்கமாக உருட்டி எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் பிடித்து இழுத்தால் பட்டை நீளும். அடியில் ஒட்டுநாடாவும் அதன் கீழே திருகுகளும் துளைகளும் தெரியலாம். அந்த நாடாவைப் பிரிக்கக்கூடாது. துளை வழியே தூசி உள்ளே போகாமல் தடுப்பது அதுதான். வளையத்தின் மேற்பரப்பை உலர்ந்த பட்ஸால் மட்டும் துடைக்க வேண்டும்.

கழற்றிய பட்டையை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் தாராளமாகக் கழுவலாம். இப்போது லென்ஸ் நனையுமோ என்ற பயம் இல்லை. நன்றாக அலசி, நிழலில் ஒரு நாள் முழுக்க உலர்த்த வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் பட்டைக்கும் வளையத்துக்கும் நடுவே பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும். மாட்டிய பின் தளர்வாக இருந்தால் மெல்லிய இருபக்க நாடாவை மூன்று நான்கு இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். உடனடியாக ஒட்டும் சூப்பர் பசை வேண்டவே வேண்டாம். அது காயும்போது கிளம்பும் ஆவி பக்கத்திலுள்ள பரப்புகளில் வெள்ளைப் புகையாகப் படியும், அந்தப் பக்கத்துப் பரப்பு கண்ணாடியாகவும் இருக்கலாம். மேலும் பட்டையை அடுத்த முறை கழற்றக் கத்திதான் தேவைப்படும். மிகவும் நீண்டுபோன பட்டைக்கு மாற்றுப் பட்டை வாங்குவதே நேரான வழி. லென்ஸின் உதிரிபாகங்களில் விலை குறைந்தவற்றில் இதுவும் ஒன்று.

வைக்கும் இடம்

வளையத்தின் மேல் பட்டை எப்போதும் இழுபட்ட நிலையிலேயே இருக்கிறது. இழுபட்ட ரப்பரை ஓசோன் எளிதில் தாக்கி, இழுப்புக்குக் குறுக்காக மெல்லிய வெடிப்புகளை உண்டாக்கும். நம் ஊர்களில் ஸ்டுடியோவும் ஜெராக்ஸ் கடையும் ஒரே கூரையின் கீழ் இருப்பது வழக்கம். உயர் மின்னழுத்தக் கம்பியால் மின்னேற்றும் பழைய நகல் இயந்திரங்கள் ஓசோனை வெளியிடுபவை; அவற்றின் பக்கத்து அலமாரி லென்ஸுக்கு ஏற்ற இடமல்ல. காரின் முன்பலகையும் வேண்டாம், ஜன்னலோர வெயிலும் வேண்டாம்.

ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும் உலர் பெட்டி நல்லது. மின்சார உலர் பெட்டி வாங்க முடியாதவர்கள் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, கூடவே சிறிய ஈரமானி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். நீலநிற ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். அந்த நீலம் கோபால்ட் குளோரைடால் வருவது, நச்சுள்ளது, குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது. ஆரஞ்சு நிற வகை கிடைத்தால் அதை வாங்கலாம். ஈரம் குடித்த ஜெல்லைச் சுமார் 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் சில மணி நேரம் வைத்தால் மறுபடி வேலை செய்யும். அந்துருண்டையை இந்தப் பெட்டியில் போடக்கூடாது. அதன் ஆவி பிளாஸ்டிக்குகள் சிலவற்றை இளகவைக்கும், பூஞ்சைக்கான ஈரத்தை உறிஞ்சவும் அதனால் முடியாது. தோல் உறைகளும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்பவை. அவற்றை லென்ஸிலிருந்து பிரித்துத் தனியாக வைக்க வேண்டும்.

பழைய லென்ஸ் வாங்கும்போது

விற்பவர் கண்ணாடியைத் துடைத்துத்தான் காட்டுவார், பட்டையின் பள்ளங்களைத் துடைத்திருக்க மாட்டார். பள்ளத்தின் அடியில் பஞ்சுபோன்ற வெளுப்பு இருந்தால் லென்ஸ் ஈரத்தில் கிடந்தது என்று அறியலாம், உள்கண்ணாடியை இரு முறை பார்க்க வேண்டும். மணல் தட்டுப்பட்டால் வளையத்தைக் கடைசிவரை மெதுவாகத் திருப்பி, காதருகே வைத்துக் கேட்க வேண்டும். பட்டை தளர்ந்து விரலோடு வந்தால் எண்ணெயோ சூடோ பட்டிருக்கிறது. உடம்பெல்லாம் தேய்ந்த லென்ஸில் பட்டை மட்டும் புத்தம் புதிதாக இருந்தால், எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்று கேட்டுவிட வேண்டும். பட்டை மட்டும் மாற்றியிருந்தால் கவலையில்லை. பல லென்ஸ்களை உள்ளே திறப்பதற்கான திருகுகள் அந்தப் பட்டைக்கு அடியில்தான் இருக்கின்றன என்பதால், திறந்து பழுதுபார்த்த லென்ஸாகவும் அது இருக்கலாம்.